56 முட்டை மெஷின்: கச்சானுக்கும் மாரிக்கும் தாங்குமா?

மட்டக்களப்பு டவுனிலோ களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ கோழித்தீன் கடை, இலக்ட்ரோனிக்ஸ் கடை எதற்குள் நுழைந்தாலும் இந்தக் குஞ்சு பொரிக்கும் மெஷின் ஒன்று அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். வெள்ளை அடித்தட்டு, மஞ்சள் மூடி, உள்ளே பார்க்க ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக். சீனத் தயாரிப்பு. மேலே ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும்; உள்ளே இருப்பது அநேகமாக ஒரே சாமான்தான்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். வளவில் 10, 15 ஊர்க்கோழியும் நல்ல சேவலும் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் முகப்பில் ஓடும் இலக்கங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்த மெஷினைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலானோர் அந்த இலக்கங்களை நம்பிக் கெட்டவர்கள். பெட்டியில் 98 வீதம் பொரிக்கும் என்று போட்டிருக்கும். அதை மறந்துவிடுங்கள். கருக்கட்டிய முட்டையில் 70, 80 வீதம் பொரித்தால் கை நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

பெட்டிக்குள் வருவது இவ்வளவுதான்: இரண்டு தண்ணீர்ப் பள்ளமுள்ள அடித்தட்டு, அதன்மேல் வலைத்தட்டு, முட்டைகளைப் படுக்கையாக வைத்து உருட்டும் சட்டம், அதைத் தள்ளும் சின்ன மோட்டார், விசிறியும் ஹீட்டர் கம்பியும் பொருத்திய மூடி. மூடியிலிருந்து ஒரு வயர் தொங்கும். அதன் நுனியில் இருப்பதுதான் சூட்டையும் ஈரப்பதனையும் அளக்கும் சென்சர். கன்ட்ரோலர் பெரும்பாலும் எக்ஸ்எம்-18 வகை. 12 வோல்ட் பற்றரியில் மாட்டவும் தனியாக ஒரு வழி இருக்கிறதா பாருங்கள். சில கடைகளில் அது இல்லாத மலிவான ஒன்றும் கிடக்கும். அதை விலைக்காக எடுத்தால் முதல் கரண்ட் கட்டிலேயே கவலைப்பட வேண்டி வரும்.

பிளக் விஷயம் சின்னதுதான், ஆனால் தீப்பிடிக்கிற விஷயம். கூட வருவது தட்டையான இரண்டு பின். நம்முடைய 13 அம்பியர் சதுர ஓட்டைக்கு மலிவு அடப்டர் ஒன்றைக் கடைக்காரர் தருவார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடும் சாமானுக்கு அந்த லூஸ் அடப்டர் சரிவராது; சூடாகி உருகும். வயரை வெட்டி, 3 அம்பியர் பியூஸ் போட்ட 13 அம்பியர் பிளக் ஒன்றைத் திருகிவிடுவதே நல்லது.

முட்டை வைக்க முன்னர் ஒரு முழுநாள் வெறுமையாக ஓட விடுங்கள். விசிறி உள்ள மெஷினில் கோழி முட்டைக்கு 37.5 முதல் 37.8 பாகை செல்சியஸ் வேண்டும். கம்பனி அநேகமாக 38.0 என்று வைத்து அனுப்பும். அது பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். சென்சர் ஒரு பாகை பொய் சொல்வதுதான் பிரச்சினை, இந்த விலைச் சாமானில் அது சாதாரணம். சரிபார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் இருக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். இந்தச் சூட்டு எல்லைக்குள் அதைவிடத் துல்லியமானது சாதாரண வீட்டில் கிடையாது. கண்ணாடித் தெர்மாமீட்டரை நன்றாக உதறி, முட்டை கிடக்கும் மட்டத்தில் நடுவில் வைத்து, அரை மணித்தியாலம் மூடியைத் திறக்காமல் விடுங்கள். அது ஏறிய உச்சத்தில் நிற்கும். அந்த அரை மணியில் முகப்பில் தெரிந்த ஆகக் கூடிய இலக்கத்தோடு அதை ஒப்பிடுங்கள். வித்தியாசத்தைத் திருத்த, செட் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் வரும் வரிசையில் சிஏ என்ற இடத்துக்குப் போக வேண்டும். முகப்பு 38.2 காட்டும்போது தெர்மாமீட்டர் 37.6 என்றால், அங்கே கழித்தல் 0.6 போடுங்கள். பிறகு நான்கு மூலையிலும் இதே சோதனை. மூலைகள் நடுவைவிட அரைப் பாகை, சிலவேளை ஒரு பாகை குறைவாக இருக்கும். அதற்கு மருந்து, முதல் இரண்டு வாரமும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மூலை முட்டையை நடுவுக்கும் நடு முட்டையை மூலைக்கும் மாற்றுவது.

ஈரப்பதனில்தான் நம் ஊர் மெஷினோடு முட்டி மோதுகிறது. கூட வரும் தாளில், தொடக்கத்தில் ஒரு பள்ளத்தில் தண்ணீர், கடைசி மூன்று நாள் இரண்டிலும் தண்ணீர் என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு நம் கச்சான் காற்றும் தெரியாது, மாரி மழையும் தெரியாது.

வேண்டியது முதல் 18 நாள் 45 முதல் 55 வீதம், அதன்பின் 65 முதல் 70 வீதம். மாரியில், அதாவது ஐப்பசி தொடக்கம் தை வரை, அறைக்குள் 27 பாகையும் 85 வீத ஈரப்பதனும் இருந்தால், அதே காற்றை மெஷின் 37.7க்குச் சூடாக்கும்போது ஈரப்பதன் தானாக 46 வீதம் அளவுக்கு இறங்கும். தேவையானது அதுவே. தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். தாளில் சொன்னபடி பள்ளத்தை நிரப்பினால் 60, 65க்கு ஏறும், முட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறாது, முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை சிறுத்துவிடும், 20ஆம் நாள் குஞ்சு கொத்தத் தொடங்கியதும் தன் நீரிலேயே மூழ்கிச் சாகும். மாரியில் பொரிக்காத முட்டையை உடைத்தால் முழுக் குஞ்சு, ஈரமாக, ஊதிப்போய்க் கிடப்பது இதனால்தான்.

கச்சான் காலத்தில் கதை தலைகீழ். வைகாசி, ஆனியில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கி வரும் காற்று, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வெளியெல்லாம் காய்ந்து வெடிக்கும் வரை வீசும். பகலில் அறைக்குள் 33 பாகை, 45 வீதம் என்று வைத்துக்கொண்டால் மெஷினுக்குள் 35 வீதம்தான் வரும். அப்போது ஒரு பள்ளம் நிறையத் தண்ணீர் வேண்டும், அதுவும் நாள்தோறும் பார்த்து ஊற்ற வேண்டும். இரவில் காற்று விழுந்து ஈரம் கூடும் என்பதால் காலையில் ஒருமுறை பார்த்தது போதாது. பின்னேரம் இரண்டு மூன்று மணிக்குப் பாருங்கள், அதுதான் ஆகக் காய்ந்த நேரம்.

முகப்பில் காட்டும் ஈரப்பதனோ 10 வீதம் வரை தவறும். தனியாகச் சின்ன ஈரப்பதன் மானி ஒன்றை வாங்கி அதையும் சோதித்துவிட்டு உள்ளே வையுங்கள். போத்தல் மூடியில் கறி உப்பு, அது கட்டியாக நனையும் அளவுக்கு மட்டும் சில துளி தண்ணீர். அந்த மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் பூட்டி எட்டு மணித்தியாலம் விட்டால் உள்ளே 75 வீதம் இருக்கும். மானி 70 என்றால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள்.

இதையெல்லாம் விட உண்மை சொல்வது சமையலறைத் தராசு. வைக்கும் நாளில் 10 முட்டையைச் சேர்த்து நிறுத்து, அந்தப் பத்திலும் பென்சிலால் அடையாளம் போடுங்கள். 18 நாளில் 11 முதல் 13 வீதம் நிறை குறைய வேண்டும். ஊர்க்கோழி முட்டை பத்து 420 கிராம் என்றால், 7ஆம் நாள் ஏறத்தாழ 400, 14ஆம் நாள் 380, 18ஆம் நாள் 370. ஏழாம் நாள் 408 காட்டினால் ஈரம் கூடிவிட்டது, தண்ணீரை எடுங்கள். 392 காட்டினால் ஊற்றுங்கள். மானி எதைக் காட்டினாலும் தராசின் பேச்சைக் கேளுங்கள்.

மெஷினை எங்கே வைப்பது என்பதிலும் கச்சானுக்குப் பங்குண்டு. இந்த மெஷினுக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிராக்கத் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் 36, 37 பாகை ஏறும் கொட்டிலில் வைத்தால் ஹீட்டர் நின்றிருந்தும் உள்ளே 38.5ஐத் தாண்டும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு முட்டைகளே சூடு விடுவதால் இன்னும் ஏறும். 40 பாகையில் ஒரு மணி நேரம், 30 பாகையில் மூன்று மணி நேரத்தைவிடக் கேடு. ஓட்டு வீட்டின் நடு அறை, சன்னலிலிருந்தும் விசிறிக் காற்றிலிருந்தும் தள்ளி, தரையில் அல்ல மேசையில். மூடியிலுள்ள காற்று ஓட்டையைத் துணியால் அடைக்காதீர்கள்.

முட்டை சேர்ப்பது பற்றிக் கடைக்காரர் எவரும் சொல்வதில்லை. எட்டு முதல் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல். புதுச் சேவல் விட்டால் இரண்டு வாரமாவது பொறுங்கள். மெஷினை நிரப்ப வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு நாள் முட்டை சேர்ப்பதுதான் பலரும் விடும் பிழை. நம் ஊர் அறைச் சூட்டில் 30 பாகையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, இடையில் செத்துவிடும். வெளியே வைத்தால் நான்கைந்து நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் சேர்க்க வேண்டுமென்றால் மண்சட்டிக்குள் ஈர மணல் பரப்பி, அதற்குள் இன்னொரு சின்னச் சட்டியில் முட்டையை வைத்து ஈரச் சாக்கால் மூடுங்கள், நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் தெளித்தால் போதும். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி 4 பாகை, கருவுக்கு அது அதிகக் குளிர். கூர் முனை கீழே இருக்கட்டும். அழுக்கு முட்டையைக் கழுவாதீர்கள். கோதின் மேலுள்ள மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே போகும். எச்சம் ஒட்டியிருந்தால் காய்ந்தபின் மெல்லச் சுரண்டுங்கள், ஒரேயடியாக அழுக்கானதைப் பொரியலுக்கு எடுங்கள்.

உருட்டும் சட்டம் பெரிய முட்டைக்கு அளவெடுத்தது. ஊர்க்கோழியின் சின்ன முட்டை அதற்குள் தளர்ந்து கிடக்கும். சட்டம் முழுத் தூரம் நகர்ந்தும் முட்டை பாதிதான் உருளும். வைக்கும்போதே ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போடுங்கள். பேனா வேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மோட்டார் தள்ளும். அடுத்த முறை பார்க்கையில் குறி மாறவில்லை என்றால் பிரிப்புகளை நெருக்கிப் போடுங்கள், அல்லது காலை, மத்தியானம், இரவு என்று கையால் திருப்புங்கள். மோட்டார் கிர்ரென்று சத்தம் போட்டுச் சட்டம் நகராவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் பல் தேய்ந்துவிட்டது. மோட்டார் மாற்றலாம், கடையில் தனியாகக் கிடைக்குமா என்று மெஷின் வாங்கும் நாளிலேயே கேட்டுவையுங்கள்.

7ஆம் நாள் இரவு டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்திக் கால் பரப்பியதுபோல் இரத்த நாளம் தெரிந்தால் கரு நல்லது. ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கருக்கட்டவில்லை. சிவப்பு வளையம் மட்டும் என்றால் கரு செத்துவிட்டது. பின்னிரண்டையும் எடுத்துவிட வேண்டும், விட்டால் வெடித்து மெஷின் முழுக்க நாறும். 14இலும் 18இலும் இன்னொருமுறை.

18ஆம் நாள் உருட்டும் சட்டத்தைக் கழற்றி, மோட்டார் வயரையும் விடுவியுங்கள். வலைத்தட்டின் மேல் ஒரு துண்டு பழைய நுளம்பு வலை விரியுங்கள், வெறும் தட்டின் இடுக்கில் பிஞ்சுக் கால் மாட்டும். இரண்டு பள்ளத்திலும் தண்ணீர், அதுவும் இளஞ்சூட்டுத் தண்ணீர். வாவிக்கரைக் கிணறுகளின் உவர்த் தண்ணீர் பள்ளத்தில் வெள்ளைப் படிவு விடும், மழைத் தண்ணீரோ வடித்த தண்ணீரோ மேல். இனி மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு குஞ்சு வெளியே வந்து கத்தியதும் திறந்து எடுக்க மனம் வரும். அந்த நேரத்தில் ஈரம் பறந்து, மற்ற முட்டைகளில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும் குஞ்சுகளின் மேல் சவ்வு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்த குஞ்சுக்குள் மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் ஒரு நாள் தீனும் தண்ணீரும் இன்றித் தாங்கும். உலர்ந்து பஞ்சாக நிற்பவற்றை, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கூட்டமாக எடுங்கள்.

எறும்பை மறந்துவிட வேண்டாம். கோது உடைந்து இரத்த வாடை வந்ததும் நெருப்பெறும்பு எங்கிருந்தோ வரிசை கட்டும். காற்று ஓட்டை வழியாக உள்ளே போய் உயிரோடு குஞ்சைத் தின்னும். மேசையின் நான்கு காலையும் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிய டின்னுக்குள் நிறுத்துங்கள், வயரைச் சுவரில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டாம், அந்த ஆவி உள்ளே போகும்.

பொரிப்பு எப்படிப் போனது என்பதை வைத்து அடுத்த முறைக்குத் திருத்தலாம். 19, 20ஆம் நாளிலேயே வந்து தொப்புள் மூடாமல் சின்னதாக இருந்தால் சூடு கூட. 22, 23க்கு இழுபட்டு, தொளதொளவென்று இருந்தால் சூடு குறைவு. பாதி ஓட்டையோடு செத்து, சவ்வு தோல்போல ஒட்டியிருந்தால் கடைசி நாட்களில் ஈரம் குறைவு. முதல் வாரத்திலேயே நிறையச் சாவு என்றால் பழைய முட்டை, அல்லது மேலே சொன்ன பொய்ச் சென்சர்.

கரண்ட் கணக்குக்கு வருவோம். லேபலில் 80 வாட் அளவு இருக்கும். ஹீட்டர் அரைவாசி நேரம் ஓடினால் நாளுக்கு ஒரு யூனிட், ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒருமுறை முட்டை வைத்துப் பொரித்து முடிக்க, 20 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதல்ல. ஆனால் மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு அதைத் தாண்டினால் பில் கணக்கே வேறு. அடுத்தடுத்து ஓட்ட நினைப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

பற்றரியில் 80 வாட் என்றால் ஹீட்டர் எரியும்போது 6.7 அம்பியர், சராசரி 3 அம்பியருக்குச் சற்று மேலே. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸின் 7 ஏஎச் (அம்பியர்-மணி) பற்றரி ஒரு மணித்தியாலம் தந்தால் பெரிது. 32 ஏஎச் பற்றரியில் பாதியை மட்டும் இறக்கினால் ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும். அதற்கு மேல் இறக்கினால் பற்றரி கெடும். சிவப்பு, கறுப்பு மாற்றிக் கொடுத்தால் போர்டு போய்விடும். பற்றரி இல்லாதவர் கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல், மேலே துவாய் போர்த்திவிட்டால் இரண்டு மூன்று மணித்தியாலம் சமாளிக்கலாம். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு காற்று ஓட்டையை மட்டும் திறந்து வையுங்கள், வளர்ந்த கருவுக்கு மூச்சு வேண்டும்.

ஒவ்வொரு ஈடும் முடிந்ததும் தட்டுகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, குளோரின் கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் காய வையுங்கள். மூடியைத் தண்ணீரில் போடக்கூடாது. விசிறியிலும் சென்சரிலும் குஞ்சு மயிர்த் தூசி அடைந்திருக்கும்; காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். தூசி பிடித்த சென்சர் பிந்திப் பிந்தித்தான் சூட்டை உணரும், அதற்குள் உள்ளே சூடு ஏறி இறங்கும்.

குஞ்சை என்ன செய்வது? மெஷின் தாயாக வராது. உமி பரப்பிய அட்டைப் பெட்டியில் முதல் வாரம் 32 முதல் 35 பாகை, பிறகு வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்து வர வேண்டும். வெறும் பத்திரிகைத் தாளில் விட்டால் கால் வழுக்கி விரிந்து முடமாகும். இதைவிட நல்ல வழி ஊரிலேயே இருக்கிறது: மெஷினில் முட்டை வைக்கும் அன்றே, அடைக்கு நிற்கும் ஒரு கோழிக்கும் நான்கைந்து முட்டை கொடுத்து அடை வையுங்கள். 21ஆம் நாள் இரவு, இருட்டில், மெஷின் குஞ்சுகளை அதன் இறகுக்குக் கீழே தள்ளிவிட்டால் விடிய அது தன் குஞ்சென்றே கூட்டிக்கொண்டு திரியும். பெரிய உடம்புக் கோழி 15 குஞ்சு வரை பார்க்கும். பகலில் விட்டால் கொத்தித் துரத்தும். மற்ற அடைக்கோழிகளை அடை தெளிய விட்டால் அவை சில வாரத்தில் மீண்டும் முட்டைக்கு வரும். இந்த மெஷினால் வரும் உண்மையான இலாபம் அந்த மேலதிக முட்டைதான்.

ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்தையும் நினைவில் வையுங்கள். முதல் வாரத்து முடிவில் கண்ணில் ஒரு துளி. போத்தல் நூறு குஞ்சுக்கு மேல் வரும், கரைத்தால் சில மணித்தியாலத்தில் வீண். பிரதேச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டு, அயலில் குஞ்சு வைத்திருப்பவர்களோடு சேர்ந்து எடுங்கள், ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவாருங்கள்.

றிஜிபோம் பெட்டியில் டபிள்யூ1209 தெர்மோஸ்டற்றும் குமிழும் பூட்டி உள்ளூரில் செய்து விற்பதும் உண்டு. விலை குறைவு, பழுதானால் எவரும் திருத்துவார்கள். ஆனால் கையால் திருப்ப வேண்டும், குமிழ் எரிந்துபோனால் எச்சரிக்கை மணி அடிக்காது, றிஜிபோமைச் சரியாகக் கழுவ முடியாது. நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்தால் அது போதும். மூன்று நான்கு கோழி மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டும் வேண்டாம். ஒரு அடைக்கோழி 10, 12 முட்டையைக் கரண்ட் இல்லாமல் பொரித்துத் தரும். தாரா முட்டைக்கு 28 நாள், மணிலாத் தாராவுக்கு 35. ஒரே ஈட்டில் கோழியோடு கலந்து வைக்காதீர்கள், கடைசி மூன்று நாள் ஈரக்கணக்கு எல்லாமே குழம்பும்.

விலை டொலரோடு ஏறி இறங்குவதால், கேட்கும்போது மெஷின், பற்றரி, சார்ஜர் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். கடையிலேயே பெட்டியைப் பிரித்து முதலில் கரண்டில், பிறகு பற்றரியில் மாட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் மூடியின் உட்புறம் கை வைத்தால் சூடு தெரிய வேண்டும், விசிறி தட்டாமல் சுற்ற வேண்டும், மூடி நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். மூடி வளைந்திருந்தால் வேறொன்று எடுக்கச் சொல்லுங்கள், அதைத் திருத்த வழியில்லை.